இணையதளத்தில் பணம் பெறும் நிரல் நூலகத்தை மதிப்பிடும் முறை

ஒரு கல்லூரி மாணவி, தேர்வுக் கட்டணம் செலுத்துவதற்குரிய கடைசி நாளன்று மாலையில், கல்லூரியின் இணையதளம் வாயிலாக ரூ. 1,750 செலுத்த முற்படுகிறாள் எனக் கொள்வோம். வங்கி அனுப்பிய ஓ.டி.பி. எண்ணை அவள் பதிவு செய்கிறாள். கணக்கிலிருந்து தொகை கழிக்கப்பட்டதாக அவளுடைய கைப்பேசிக்குச் செய்தி வருகிறது. ஆயின், கல்லூரியின் பக்கமோ சிறிது நேரம் சுழன்றுகொண்டிருந்துவிட்டு, ‘பணம் செலுத்துதல் தோல்வியுற்றது; மீண்டும் முயல்க’ என்று அறிவிக்கிறது. கெடு முடிய இன்னும் அரைமணி நேரமே உள்ளது. அவள் மீண்டும் முயல்கிறாள், மீண்டும் ரூ. 1,750 கழிகிறது. குடும்பத்தின் மாதச் செலவுக்கென வைத்திருந்த தொகையில் அது ஒரு பெரும் பங்காயின், அன்றிரவு அவ்வீட்டில் நிலவும் கலக்கத்தை வாசகர்கள் எளிதில் ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வெடுத்துக்காட்டில் வங்கி தன் கடமையைச் சரிவரச் செய்தது. இடைநின்ற பேமெண்ட் கேட்வே ஸ்தாபனமும் அவ்வாறே செய்தது. கல்லூரியின் சர்வரில் அமைந்திருந்த நிரல் நூலகம் ஒன்று, ‘பதில் வரவில்லை’ என்பதையும் ‘பணம் வரவில்லை’ என்பதையும் ஒன்றெனக் கொண்டதே தவறு நேர்ந்ததற்குக் காரணமாகும். பிறர் எழுதிய அத்தகைய நூலகத்தை நம் இணையதளத்தில் சேர்த்துக்கொள்ளுமுன் அதனை எவ்வாறு சோதித்தறிதல் வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நிரலாளர் தம் வழக்கில் லைப்ரரி எனக் குறிக்கும் நிரல் நூலகம் என்பது, ஒரு குறிப்பிட்ட வேலைக்காக முன்னரே எழுதி வைக்கப்பட்ட நிரல்களின் தொகுதியாகும். பணம் பெறுதலில் அதன் இடம் யாது எனக் காண்போம். இணையதளத்தின் சர்வர் முதலில் கேட்வேயிடம் ஓர் ஆர்டர் எண்ணைக் கேட்டுப் பெறுகிறது. பின்னர்ப் பணம் செலுத்துவோர், கேட்வே காட்டும் பக்கத்தில் கார்டு அல்லது யூ.பி.ஐ. வாயிலாகத் தம் சம்மதத்தைத் தெரிவிக்கின்றார். வங்கி அதனை ஏற்றதும், கையொப்பமிட்ட விடையொன்று இணையதளத்துக்குத் திரும்புகிறது. சர்வர் அக்கையொப்பத்தைச் சரிபார்த்து, ‘இத்தொகையை ஏற்றுக்கொள்கிறேன்’ என்று கேட்வேக்கு உறுதி கூறுகிறது. கேட்வேயில் முன்கூட்டியே அமைத்துக்கொண்டால் இவ்வுறுதி தானாகவும் நிகழும். சர்வரும் கேட்வேயும் நிகழ்த்தும் இந்த உரையாடலை நமக்காக நடத்தித் தருவதே நூலகத்தின் பணி.

இவற்றுள் இரு வகைகள் உள. கேட்வே ஸ்தாபனமே தன் வாடிக்கையாளருக்கென எழுதி வெளியிடுவது ஒரு வகை. பல கேட்வேக்களை ஒரே முகமாகக் காட்டும் பொது நூலகம் மற்றொரு வகை. ரூபி மொழியில் உள்ள ஆக்டிவ் மெர்ச்சண்ட், பி.ஹெச்.பி. மொழியில் உள்ள ஆம்னிபே ஆகியன இவ்வகையைச் சார்ந்தவை. பொது நூலகத்தினால் ஒரு கேட்வேயை விட்டு மற்றொன்றுக்கு மாறுதல் எளிதாகும் என்பர். அது ஓரளவே உண்மை. பொதுமுகம் என்பது எல்லாக் கேட்வேக்களுக்கும் பொதுவான செயல்களை மட்டுமே காட்ட இயலும். நமக்கு மிகத் தேவையான சிறப்புச் செயல் பெரும்பாலும் அப்பொதுமைக்கு வெளியே நிற்கும்.

நம் நாட்டின் நிலைமைகளுக்கு நூலகம் பொருந்துமா என்பதே முதலிற் கேட்கவேண்டிய கேள்வி. பிற நாடுகளில் எழுதப்பட்ட நூலகங்கள் பலவற்றில், பணம் பெறுதல் என்பது ஒரே ஒரு கட்டளையாக இருக்கும்: கார்டு விவரத்தைக் கொடுத்தால், பணம் வந்தது அல்லது வரவில்லை என்ற விடை உடனே கிட்டும். இந்தியாவிலோ, நேரில் காட்டாமற் கார்டைப் பயன்படுத்தும் இணையவழிச் செலுத்துதல்களுக்கு, கார்டில் உள்ள விவரங்களுக்கு மேற்பட்ட ஒரு சான்றையும் கேட்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் விதித்தது. ஓ.டி.பி. நம்மிடையே வழக்கமானது இதனாலேயாம். ஆகவே, பணம் செலுத்துவோர் நம் பக்கத்தை விட்டு வங்கியின் பக்கத்துக்குச் சென்று மீளுதல் இன்றியமையாததாயிற்று. சென்றவர் மீளாமலும் போகலாம். கைப்பேசியின் மின்கலம் தீர்ந்துவிடலாம். ரயில் ஒரு சுரங்கப் பாதையுள் நுழையலாம். 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் அறிமுகப்படுத்திய யூ.பி.ஐ. முறையிலும், ‘நிலுவையில் உள்ளது’ என்ற மூன்றாவது நிலை ஒன்று உண்டு. வெற்றி, தோல்வி என்னும் இரண்டே நிலைகளை அறிந்த நூலகம் இங்குப் பயன்படாது. அதன் விளக்கநூலைத் திறந்து, நிலைகளின் பட்டியலைப் பார்த்தாலே இது புலனாகும். நிரலை எழுதிப் பார்க்கவேண்டிய அவசியமும் இராது.

கார்டு எண்ணைச் சேமித்து வைக்கும் வசதியை ஒரு சிறப்பாகக் கூறும் நூலகங்களும் உள. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து, கார்டை வழங்கிய வங்கியும் கார்டு வலையமைப்பும் அல்லாத வேறெவரும் கார்டு எண்ணைச் சேமித்தல் ஆகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எண்ணுக்கு ஈடாக டோக்கன் எனப்படும் மாற்றுக் குறியீடு ஒன்றை மட்டுமே வணிகர் வைத்துக்கொள்ளலாம். எனவே, நம் தரவுத்தளத்தில் கார்டு எண்ணுக்கென ஒரு பத்தியை அமைக்கும் நூலகத்தை மேற்கொண்டு ஆராயாமலே விலக்கிவிடலாம். தவணைதோறும் தானாகப் பணம் கழிக்கும் ஏற்பாட்டுக்கும் இத்தகைய விதிகள் உள்ளன. தொகையைக் கழிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னர் கார்டு உடையாருக்கு அறிவிப்புச் செல்லவேண்டும் என்ற விதி 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் முழு நடைமுறைக்கு வந்தபோது, அதனை எதிர்பாராது எழுதப்பட்ட சந்தா நிரல்கள் பல செயலற்றுப்போயின.

இனி, நம் மாணவிக்கு நேர்ந்த இடரின் மூலகாரணத்துக்கு வருவோம்.

நம்பத்தகாத பாதையின் வழியே செய்தி அனுப்பும் இருவர், ஒரு விஷயத்தில் தாம் உடன்பட்டுள்ளோம் என்பதை எத்துணைச் செய்திகள் அனுப்பினும் முழு உறுதியுடன் அறிதல் இயலாது. இரு தளபதிகள் புதிர் என வழங்கும் இவ்வுண்மை 1975-ஆம் ஆண்டிலேயே கணிப்பொறி அறிஞர்களால் எடுத்துக்காட்டப்பட்டது. இரு மலைகளின்மேல் இரண்டு படைகள் நிற்கின்றன. இடையிலுள்ள பள்ளத்தாக்கு பகைவர் வசம் உள்ளது. ‘விடியலில் தாக்குவோம்’ என்று ஒரு தளபதி தூதனை அனுப்புகிறார். தூதன் போய்ச் சேர்ந்தானா என்பது அவருக்குத் தெரியாது. மறுமொழியோடு வரும் தூதன் வழியிற் பிடிபட்டால், மறுமொழி அனுப்பியவருக்கும் அதே ஐயம். நம் சர்வரும் கேட்வேயும் இவ்விரு தளபதிகளை ஒத்தவை. ‘தொகையை ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற செய்தியை அனுப்பி, 30 வினாடி காத்திருந்தும் மறுமொழி வராவிடின், செய்தி போகும் வழியில் தொலைந்ததா, மறுமொழி வரும் வழியில் தொலைந்ததா என்பதை நம் சர்வர் அறிய வழியில்லை. முன்னதாயின் பணம் வரவில்லை, பின்னதாயின் வந்துவிட்டது.

இவ்வறியாமையை நூலகம் எவ்வாறு நமக்குத் தெரிவிக்கிறது? அதன் தரத்தை அளப்பதற்கு இதைவிடச் சிறந்த அளவுகோலை யான் அறியேன். நல்ல நூலகம், ‘நிலை தெரியவில்லை’ என்பதைத் தனியொரு பிழைவகையாகப் பிரித்துச் சொல்லும். தரங்குறைந்த நூலகம் அதனைத் தோல்வியோடு சேர்த்துவிடும். மிகவும் ஆபத்தான நூலகமோ, நம்மிடம் ஒன்றும் சொல்லாமலே அதே வேண்டுகோளை மீண்டும் மீண்டும் அனுப்பும். ஓர் ஆர்டரின் நிலையைக் கேட்கும் வேண்டுகோளை நூறு முறை அனுப்பினும் தீங்கில்லை. பணத்தைத் திருப்பித் தரும் வேண்டுகோளை இரு முறை அனுப்பினால், கல்லூரியின் கணக்கிலிருந்து இரு முறை பணம் போகக்கூடும். இதனைத் தடுக்க, ஒவ்வொரு வேண்டுகோளுடனும் திரும்ப வராத தனி எண் ஒன்றை அனுப்பும் வழக்கம் உண்டு. அதே எண்ணோடு வரும் இரண்டாவது வேண்டுகோளைக் கேட்வே புதிதாக நிறைவேற்றாது. முதலில் அளித்த விடையையே மறுபடியும் அளிக்கும். அந்த எண்ணை நாமே கொடுப்பதற்கு நூலகம் இடந்தருகிறதா, அல்லது தானே ஒவ்வொரு முறையும் புதிய எண்ணை உண்டாக்குகிறதா என்பதைக் கவனித்தல் வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய எண் என்றால், எண் இருந்தும் இல்லாததற்கே ஒப்பாகும்.

இதனை விளக்கநூலைப் படித்து அறிய முடியாது. சோதனை செய்தே அறிதல் வேண்டும். கேட்வே ஸ்தாபனங்கள் சோதனைக்கென்று தனிச் சாவிகளைத் தருகின்றன. அவற்றால் மட்டும் பயனில்லை. ஏனெனில் சோதனைச் சூழலில் எல்லாச் செய்திகளும் ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்புகின்றன. ஆகவே, நாமே ஒரு பொய்க் கேட்வேயை எழுதிக்கொள்ளுதல் நலம். ஐம்பது அறுபது வரிகளில் அமையக்கூடிய ஒரு சிறு சர்வரே போதும். தனக்கு வந்த வேண்டுகோள்களை எல்லாம் ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளுவது அதன் முதல் வேலை. பிறகு, கட்டளைக்கேற்ப அது தொல்லை கொடுக்கவேண்டும். ஒரு முறை வேண்டுகோளைப் பெற்றுக்கொண்டு மறுமொழி தராமலே இருத்தல். ஒரு முறை மறுமொழியைப் பாதியில் துண்டித்தல். ஒரு முறை 90 வினாடி தாமதித்தல். மற்றொரு முறை, எதிர்பார்த்த ஜேசன் வடிவத்துக்குப் பதிலாக ‘சர்வர் பழுது’ என்ற வலைப்பக்கத்தை அனுப்புதல். நூலகத்தை இப்பொய்க் கேட்வேயோடு இணைத்து, ஒரே ஒரு பணத்திருப்பத்துக்குக் கட்டளையிட்டுப் பாருங்கள். பின்பு கோப்பைத் திறந்து, எத்தனை வேண்டுகோள்கள் வந்து சேர்ந்துள்ளன என எண்ணுங்கள். ஒன்று என்றிருப்பின் நன்று. மூன்று என்றிருந்து, மூன்றிலும் ஒரே தனி எண் காணப்படின் அதுவும் நன்று. மூன்றிலும் வெவ்வேறு எண்களாயின், அந்நூலகத்தின் புகழ் எத்துணைப் பெரிதாயினும் அதனைக் கீழே வைத்துவிடுதல் தகும். காத்திருக்கும் கால எல்லையே வகுக்கப்படாத நூலகங்களும் இச்சோதனையில் அகப்படும். அவை மறுமொழிக்காகக் காலவரையின்றி நிற்கும், கடைசி நாள் மாலையில் வேறு மாணவர்க்கும் வழிவிடா.

அடுத்து ஆராயவேண்டுவது கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதியாகும். பணம் வந்துவிட்டது என்ற செய்தி, செலுத்துவோரின் உலாவி வழியாக நம்மை வந்தடைகிறது. உலாவி அவர் கையில் உள்ளது. பொய்ச் செய்தியை அனுப்புதல் அரிதன்று. ஆதலால் கேட்வே அச்செய்தியோடு ஹெச்மேக் முறையில் ஆக்கிய கையொப்பத்தையும் அனுப்புகிறது. 1997-ஆம் ஆண்டில் இணையத் தரக்குறிப்பாக வெளியான இம்முறையில், கேட்வேயும் நாமும் மட்டுமே அறிந்த இரகசியச் சாவியையும் செய்தியையும் சேர்த்து ஷா-256 போன்ற சார்பினுள் செலுத்தி, சுருக்கக் குறியீடு ஒன்றைப் பெறுகிறோம். ரேசர்பே கேட்வேயை எடுத்துக்கொண்டால், ஆர்டர் எண்ணையும் செலுத்துதல் எண்ணையும் ஒரு நெடுங்கோட்டினால் இணைத்து, அத்தொடருக்குக் கையொப்பம் கணிக்கப்படுகிறது. இரகசியச் சாவி இன்றி இதனைப் போலியாக ஆக்குதல் நடைமுறையில் இயலாது.

இதில் நுட்பமான இடர் ஒன்றுண்டு. உலாவியை நம்பாமல், கேட்வே நேரடியாக நம் சர்வருக்கு அனுப்பும் வெப்ஹூக் எனும் அறிவிப்பில், கையொப்பம் செய்தியின் ஒவ்வொரு எழுத்துக்கும் பொருந்தியதாகும். நூலகம் அச்செய்தியை முதலில் பிரித்துப் படித்துவிட்டு, மறுபடியும் கோத்துக் கையொப்பத்தைக் கணித்தால், ஓர் இடைவெளி மாறினாலும் விடை மாறிவிடும். உண்மையான அறிவிப்பையே பொய்யென நூலகம் தள்ளும். அவ்வேளையில் நிரலாளர் செய்வது என்ன? நள்ளிரவில், மேலதிகாரி தொலைபேசியில் காத்திருக்க, ‘இப்போதைக்கு’ என்று சரிபார்த்தலை நிறுத்தி வைப்பார். பின்னர் அதனை மீண்டும் இயக்க எவருக்கும் நினைவிராது. வந்த செய்தியை வந்தவாறே கையாளும் நூலகமே இத்தகைய சோதனைக்கு நம்மை உள்ளாக்காது. இதனோடு, வெப்ஹூக் அறிவிப்புகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரலாம், வரிசை மாறியும் வரலாம் என்பதனை மறத்தலாகாது. ஒரே அறிவிப்பு இரு முறை வந்தால் இரு இரசீதுகள் உண்டாகாமற் காப்பது பெரும்பாலும் நம் கடமையே. நூலகம் அறிவிப்பின் அடையாள எண்ணை நமக்கு எடுத்துத் தந்தால் போதுமானது.

தொகையைக் கையாளும் முறையைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ரூபாயைத் தசமப் பின்னமாக வைத்துக்கொள்ளும் நூலகம் ஐயத்துக்குரியது. 19.99 என்ற எண்ணைக் கணிப்பொறியின் வழக்கமான மிதவைப் புள்ளி முறையில் 100-ஆற் பெருக்கினால் 1999 கிடைப்பதில்லை, 1998.9999999999998 என்றே கிடைக்கிறது. பின்னப் பகுதியை வெட்டிவிட்டால் 1998 பைசா ஆகிறது. ஒரு பைசா குறைந்ததற்காக எவரும் வருந்தார் எனினும், ஆர்டர் தொகையும் வந்த தொகையும் ஒவ்வாமையால் முழுச் செலுத்துதலும் நிராகரிக்கப்படும். தொகையைத் தொடக்கம் முதலே பைசாக்களில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுதலே முறை. அயல்நாட்டு மாணவரிடமும் கட்டணம் பெறுவோர், ஜப்பானிய யென்னுக்குச் சில்லறைப் பிரிவு வழக்கில் இல்லை என்பதையும், குவைத் தினார் 1000 பகுதிகளாகப் பிரிக்கப்படுவது என்பதையும் நூலகம் அறிந்துள்ளதா எனக் காணல் வேண்டும்.

நூலகம் எவரிடமிருந்து வருகிறது என்பதும் ஆராயத்தக்கது. அதனைச் சேர்க்கும்போது, அது சார்ந்துள்ள வேறு நூலகங்களும், அவை சார்ந்துள்ளவையும் உடன் வந்து சேர்கின்றன. 2016-ஆம் ஆண்டு மார்ச்சில், லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நூலகத்தை அதன் ஆசிரியர் என்.பி.எம். தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டமையால், அதனைப் பெயரளவிலும் அறியாத எண்ணற்ற திட்டங்கள் தடைப்பட்டு நின்றன. அதைவிடக் கொடியது 2018-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற நூலகத்தைப் பேண அதன் ஆசிரியருக்கு நேரம் இல்லாதிருந்தது. உதவ முன்வந்த ஒருவரிடம் அதனை ஒப்படைத்தார். வந்தவரோ, கோபே என்னும் பிட்காயின் பணப்பை நிரலிலிருந்து சாவிகளைக் களவாடும் பகுதியை அதனுள் மறைத்து வைத்தார். ஆகவே நூலகத்தை எத்தனை பேர் பேணுகின்றனர், கடைசியாக எப்பொழுது திருத்தினர், பழுது பற்றிய முறையீடுகளுக்கு விடையளிக்கின்றனரா என்பவற்றைப் பார்ப்பதோடு, சார்பு நூலகங்களின் முழுப் பட்டியலையும் ஒரு முறையேனும் அச்சிட்டுப் படித்தல் நன்று. பணப் பக்கத்தில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கு இக்கவனம் இன்னும் அதிகமாக வேண்டும். 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஸ்தாபனத்தின் இணையதளத்தில் கயவர்கள் சேர்த்தவை 22 வரிகளே. அவை பயணிகளின் கார்டு விவரங்களை வேறொரு தளத்துக்கு அனுப்பிவந்தன. 2020-இல் அந்த ஸ்தாபனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் நோக்கும்போது, நூலகமே வேண்டாம் என்ற முடிவுக்கும் சில சமயம் வரநேரும். ஆர்டரை உண்டாக்கல், நிலையைக் கேட்டல், கையொப்பத்தைச் சரிபார்த்தல் ஆகிய மூன்று மட்டுமே தேவைப்படும் சிறிய இணையதளத்துக்கு, மொழியோடு வரும் சாதாரண வசதிகளைக் கொண்டே இருநூறு வரிகளில் எழுதிவிடலாம். அவ்வரிகள் நமக்குத் தெரிந்தவை. எங்கே பழுது என்று தேடவேண்டியதில்லை. ஆயினும் சந்தா, தவணை, பல நாணயங்கள் என்று தேவை விரியும்போது, பலர் உழைத்துச் சீர்ப்படுத்திய நூலகத்தின் அருமை விளங்கும். எதனைத் தேர்ந்தெடுத்தாலும், அதனை நம் நிரலின் எல்லா மூலைகளிலும் நேராக அழைக்காமல், நாமே எழுதிய மெல்லிய உறை ஒன்றின் உள்ளே வைத்துக்கொள்ளல் விவேகமாகும்.

மிக நல்ல நூலகத்தாலும் செய்ய இயலாத வேலை ஒன்று எஞ்சியுள்ளது. பரிமாற்றம் முழுமையுற்றதா என்பதை, பாதையின் நடுவிலுள்ள கருவிகளைக் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. இரு முனைகளிலும் உள்ளவர்களே சரிபார்த்தல் வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டில் சால்ட்ஸர், ரீட், கிளார்க் ஆகிய மூவர் எழுதிய கட்டுரை எடுத்துரைத்தது. பணத்தைப் பொறுத்தவரை இதன் பொருள், நாள்தோறும் கணக்கு ஒத்திடுதலேயாகும். கேட்வே அளிக்கும் தீர்வுப் பட்டியலையும் நம் ஆர்டர் பட்டியலையும் ஒவ்வொரு நாளும் வரிக்கு வரி ஒப்பிடவேண்டும். அப்பட்டியலை நூலகம் எளிதில் பெற்றுத் தருமாயின், அதற்கு மதிப்பெண் கூட்டுதல் நியாயமே.

நம் மாணவிக்கு இதனால் ஆவதென்ன? 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, இணையவழி வணிகத்தில் கணக்கிலிருந்து பணம் கழிந்தும் வணிகருக்கு உறுதி சென்று சேராவிடின், 5 நாள்களுக்குள் அத்தொகை தானாகத் திரும்பவேண்டும்; தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 ஈடு தரப்படவேண்டும். ஆனால் அவள் விஷயத்தில் உறுதி, கேட்வேயின் ஏட்டில் ஏறிவிட்டது. மறுமொழி மட்டுமே வழியில் தொலைந்தது. வங்கியின் கண்ணுக்கு இரண்டு செலுத்துதல்களும் வெற்றியே. ஆதலின் எதுவும் தானாகத் திரும்பாது. கல்லூரியில் ஒருவர் பட்டியலை ஒத்திட்டு, ஒரே தேர்வு எண்ணுக்கு இரண்டு வரவுகள் இருப்பதைக் கண்டு, ஒன்றைத் திருப்பி அனுப்பினாலன்றி, அந்த ரூ. 1,750 கல்லூரியின் கணக்கிலேயே கிடக்கும். அவ்வொத்திடுதலை இரவுதோறும் தானே இயங்கும் நிரலாக எழுதிவைப்பதும், மறுமொழி வராத வேளையில் ‘மீண்டும் முயல்க’ என்பதற்குப் பதிலாக ‘நிலை இன்னும் தெரியவில்லை, மறுமுறை செலுத்தற்க, பத்து நிமிடங்களில் அறிவிப்போம், கெடு உங்களுக்கு நீட்டிக்கப்பட்டுள்ளது’ என்று பக்கத்தில் எழுதிவைப்பதும், நூலகத்தை இணைக்கும் அதே வாரத்தில் செய்யத்தக்க வேலைகளாம்.